பினாங்கு வீடுகளின் உள்ளறைக் கதவும் நிக்கல் கைப்பிடியும்

கட்டடங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோபுரத்தை அளப்பர், தூண்களை எண்ணுவர், கூரை ஓட்டையும் சுவர் ஓவியத்தையும் பக்கம் பக்கமாக விவரிப்பர். வீட்டார் கை நாள்தோறும் பலமுறை பற்றித் திருப்புகின்ற கதவுக் கைப்பிடிக்கு அந்நூல்களில் ஒரு வரி கிடைப்பதும் அரிது. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரைப் பொறுத்தமட்டில் இஃது எளிதில் புறக்கணிக்கத்தக்க குறையன்று. அந்நகரின் பழைய வீடுகள் பல இக்காலத்தே புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் உள்ளறைக் கதவுகளுக்கு எத்தகைய கைப்பிடியைத் தேர்வது என்னும் வினா, கடைக்காரர் காட்டும் மாதிரிப் பலகையின் முன் நின்று ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யப்படுகிறது. நூறாண்டு நின்ற ஒரு கதவு மேலும் நிற்பதும் அழிவதும் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்தனவாக உள்ளன.

தமிழர்க்குக் கதவுக்கலை புதிதன்று. நெடுநல்வாடை பாண்டியனின் அரண்மனை வாயிலைக் காட்டுமிடத்து, இரும்பால் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவுகளையும், தாழொடு பொருந்த இடைவெளியின்றி முடுக்கிய கம்மியனின் கைத்திறனையும் தவறாது குறிப்பிடுகிறது. திருக்குறளின் 71ஆம் பாடலோ அன்பைப் பற்றிப் பேச வந்து தாழைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. நிலை, படி, குடுமி, கொண்டி, நாதாங்கி, தாழ்ப்பாள் என்று கதவின் உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் வளம் மிகுதி. கைப்பிடிக்கு மட்டும் அத்தகைய தனிச்சிறப்பு வாய்க்கவில்லை. காரணம் எளிது. குடுமியில் சுழலும் கனத்த கதவை உள்ளே செல்வோர் தள்ளினர். வெளியே வருவோர் வளையத்தைப் பிடித்து இழுத்தனர். மூடிய கதவைத் தாழ் காத்தது. திருப்பித் திறக்கும் பிடிக்கு அங்கு வேலையே இல்லை.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் ஜார்ஜ் டவுன் நகரை நிறுவியபின் அங்கே குடியேறிய சீனரும் தமிழரும் எழுப்பிய கட்டடங்களிலும் இந்நிலையே நீடித்தது. சூலியா தெருவிலும் அதன் கிளைத் தெருக்களிலும் வரிசையாக நிற்கும் கடைவீடுகளின் முன்வாயிலில் இரண்டு கனத்த மரக்கதவுகள் இருந்தன. அவை கீல் இன்றி மரக்குடுமியில் சுழன்றன. உட்புறம் குறுக்கே செருகும் மரத்தண்டு தாழாயிற்று. முன்கதவுக்கு வெளியே இடுப்பளவு முதல் மார்பளவு வரை உயரமுள்ள ‘பிந்து பாகார்’ என்னும் அரைக்கதவு இருந்தது. பகலில் பெருங்கதவைத் திறந்து வைத்து இந்த அரைக்கதவை மட்டும் சாத்திவிட்டால், காற்று உள்ளே வரும். தெருவில் செல்வோர் பார்வை வராது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊருக்கு இதைவிட அறிவார்ந்த ஏற்பாடு இல்லை. உள்ளறைகளை மூடும் தேவை அவ்வளவாக எழவில்லை. எழுந்த இடத்துத் திரைச்சீலை போதியதாயிற்று.

பினாங்குத் தெருவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இதனினும் ஒரு படி மேல். நீண்ட கூடத்தில் பலர் வரிசையாகத் தத்தம் மேசைப்பெட்டியின் முன் அமர்ந்து கணக்கு எழுதினர்; அங்கேயே உண்டு, மேல்மாடியில் உறங்கினர். அறைக்கு அறை கதவிடும் வழக்கம் அங்கு இல்லை. பூட்டு வேண்டியது பெட்டிக்கே. கடலுக்கு அப்பால் காரைக்குடிப் பக்கத்தில் பர்மாத் தேக்கில் செதுக்கிய பெருங்கதவுகளை நிறுத்திய அதே மரபினர், பினாங்கில் கதவே இல்லாத கூடத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பூட்டைப் பற்றிய ஒரு சொற்செய்தியையும் இங்குக் குறிப்பிடலாம். மலாய் மொழியில் தொங்கு பூட்டுக்கு ‘குஞ்சி மங்கா’ என்று பெயர். மங்கா என்பது மாங்காய். தமிழிலிருந்து சென்ற சொல். திண்டுக்கல் பூட்டுகளிலும் மாங்காய் வடிவம் பெயர்பெற்றது. அத் திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

திருகும் குமிழ் ஆங்கிலேயரோடு வந்தது. அவர்தம் வீட்டில் உறங்கும் அறை, உடுத்தும் அறை, உண்ணும் அறை என ஒவ்வொன்றும் தனித்தனியே மூடப்பட வேண்டும்; வேலையாளும் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆகவே உள்ளறைக் கதவுக்குச் சிறு நாக்குப் பூட்டும் அதை இழுக்கும் குமிழும் இன்றியமையாதனவாயின. இங்கிலாந்தில் 1778இல் ராபர்ட் பாரனும், 1818இல் ஜெரமையா சப்பும் பூட்டின் உள்ளமைப்பைத் திருத்தியிருந்தனர். கதவின் மேற்பரப்பில் இரும்புப் பெட்டிபோல் அறையப்படும் பூட்டு, அதன் இருபுறமும் பித்தளைக் குமிழ் அல்லது பீங்கான் குமிழ் என்பது 19ஆம் நூற்றாண்டுக் குடியேற்ற நாட்டு மாளிகைகளின் பொதுக்கோலம். செல்வம் பெருக்கிய சீனத் தலைவர்களும் இக்கோலத்தை விரும்பி ஏற்றனர். லீத் தெருவில் சியோங் பாட் சே கட்டிய நீலமாளிகையிலும், சர்ச் தெருவில் சுங் கெங் குவீ 1890களில் கட்டிய இல்லத்திலும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து வரவழைத்த வார்ப்பிரும்புத் தூண்கள் சீனத் தச்சர் செதுக்கிய பொன்முலாம் பூசிய மரத்தட்டிகளோடு கூடி நிற்பதை இன்றும் காணலாம். உள்ளறை என்ற எண்ணமே இவ்வாறு கப்பலேறி வந்த ஒன்று. கைப்பிடி அதன் அடையாளம்.

இனி நிக்கலுக்கு வருவோம். செருமானியச் சுரங்கத் தொழிலாளர் ஒருவகைச் சிவந்த கனியைச் செம்பென்று நம்பி உருக்கிப் பார்த்தனர். செம்பு வரவில்லை, நச்சுப்புகைதான் வந்தது. குறும்புக்காரப் பேய் ஒன்றின் வேலை இது என்று கருதி, அக்கனிக்கு அப்பேயின் பெயரையே இட்டனர். அப்பெயரின் பிற்பகுதியே நிக்கல். 1751ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஆக்செல் குரோன்ஸ்டெட் அதனைத் தனி உலோகமெனப் பிரித்தறிந்தார். ஆனால் பெயரும் பிரிவும் அறியாமலே சீனர் அதனைப் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டு வந்தனர். யுன்னான் மாநிலத்துக் கனிகளிலிருந்து செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த வெள்ளை உலோகத்தை அவர்கள் வார்த்தனர். ‘பாக்டோங்’, அதாவது வெண்செம்பு, என்பது கான்டன் வழக்கில் அதன் பெயர். 18ஆம் நூற்றாண்டில் அது கான்டன் துறையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று, ஆங்கிலச் செல்வர் இல்லங்களில் மெழுகுவத்தித் தண்டுகளாகவும் அடுப்பங்கரைக் கருவிகளாகவும் மின்னியது. அதன் கலவையைக் கண்டறிந்து செருமானியர் 1820களில் அதே உலோகத்தைத் தாமே செய்து, ‘செருமன் வெள்ளி’ எனப் பெயரிட்டு விற்றனர். அதில் வெள்ளி ஒரு குன்றிமணியளவும் இல்லை.

திண்ணிய கலப்புலோகம் விலை மிக்கது. கைப்பிடியை எல்லோருக்கும் எட்டச் செய்தது மின்முலாம். 1843இல் செருமானியர் பெட்கர் நிக்கல் முலாமுக்கு வழி கண்டார். 1869இல் அமெரிக்காவில் ஐசக் ஆடம்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றுத் தொழிலாக்கினார். 1916இல் ஆலிவர் வாட்ஸ் வகுத்த கரைசல், விரைந்தும் சீராகவும் முலாம் படியச் செய்தது. இன்றும் முலாம் தொட்டிகளில் அக்கரைசலின் வழித்தோன்றல்களே நிரம்பியுள்ளன. பித்தளையில் வார்த்த பிடி மேலே நிக்கல் போர்த்தியதும் வெள்ளி நிறமாயிற்று. நாள்தோறும் புளியிட்டுத் துலக்கும் வேலை குறைந்தது. 1920களின் நடுவில் குரோமிய முலாம் சந்தைக்கு வந்து நிக்கலைப் பின்னுக்குத் தள்ளியது. நிக்கலின் நிறம் சற்று மஞ்சள் தோய்ந்த வெண்மை. குரோமியத்தினது நீலம் தோய்ந்த குளிர்வெண்மை. 1930களின் ஆர்ட் டெக்கோ பாணிக்குப் பின்னதே பொருத்தமெனக் கருதப்பட்டது. ஆயினும் குரோமியப் பூச்சின் அடியில் துருவைத் தடுத்து நிற்பது நிக்கற் படலமே. பெயர் ஒருவருக்கு, உழைப்பு மற்றொருவருக்கு என்பது உலோகங்களிடத்தும் உண்டு போலும்.

மலாயாவின் உலோகம் வெள்ளீயம்; நிக்கல் தொலைவிலிருந்து வந்தது. நியூ கலிடோனியாவும் கனடாவின் சட்பரியும் நெடுங்காலம் உலகுக்கு அதனை வழங்கின. இன்றோ உலகில் அகழப்படும் நிக்கலில் பாதிக்கு மேல் அண்டை நாடான இந்தோனேசியாவிலிருந்து கிடைக்கிறது. மலேசியர் கையில் அவ்வுலோகம் அறியாமலே புழங்கிற்று. 1967இல் வெளிவந்த 5, 10, 20, 50 காசு நாணயங்கள் முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்தவை. கால் பங்கு நிக்கலே முக்கால் பங்கு செம்பின் செந்நிறத்தை முழுதும் மறைத்துவிட்டது.

இனி ஜார்ஜ் டவுன் கதவுகளுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உயரவிடாமல் தடுத்தது. உரிமையாளருக்குப் புதுப்பிக்கும் ஆர்வமில்லை. குடியிருந்தோருக்கு மாற்றும் வசதியில்லை. கூரை ஒழுகியது, சுவர் உதிர்ந்தது. ஆனால் பழைய குமிழும் தாழும் அப்படியே இருந்தன. வறுமையும் முடக்கமும் காப்பகத்தின் பணியைச் செய்தன என்பது கசப்பான உண்மை. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, இடைக்காலம் முடிந்து, 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் கட்டுப்பாடு அகன்றது. வாடகை ஏறியது, தலைமுறைகளாகத் தெருவில் வாழ்ந்தோர் பலர், தமிழர் உட்பட, வெளியேறினர். வெறுமையான வீடுகளிலிருந்து கதவுகளும் பூட்டுகளும் கழற்றப்பட்டுப் பழம்பொருளாயின. 2008 சூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலக மரபுடைமை நகரங்களாக அறிவித்தது. ஜார்ஜ் டவுனில் 109.38 எக்டர் மையப்பகுதியாக வரையறுக்கப்பட்டது. முகப்பைக் காக்கும் விழிப்பு அதன்பின் வளர்ந்தது; உள்ளறைக் கதவுக்கு அது இன்னும் போதிய அளவில் எட்டவில்லை.

மங்கலாகத் தேய்த்த நிக்கல் நிறம் இன்று மீண்டும் நாகரிகமாகியிருக்கிறது. பழமையோடு அது முரணாது. பித்தளையைப்போல் பளீரென்று கண்ணைப் பறிக்காது. விரற்கறையும் அதில் எளிதில் தெரியாது. நிறத்தில் குற்றமில்லை. குற்றம் நிறத்துக்கு உள்ளே இருக்கிறது. விலை மலிந்த பிடிகளில் பல, துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து மேலே முலாம் பூசியவை. கடற்காற்றின் உப்பு, முலாமில் உள்ள நுண்துளை வழியே நுழைந்தால் உட்கரு பொரிந்து கொப்புளிக்கும். பித்தளையை உட்கருவாகக் கொண்ட பிடியோ, முலாம் தேய்ந்தாலும் உருக்குலையாது. மீண்டும் முலாம் பூச இடந்தரும். கையில் தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: பித்தளையின் அடர்த்தி ஏறத்தாழ 8.5, துத்தநாகக் கலவையினது 6.6. ஐரோப்பியத் தரமுறையொன்று உப்புப்பனியில் 24 மணி நேரம் தாங்குவதை முதற்படியாகவும், 96 மணி நேரத்தை மூன்றாம் படியாகவும், 240 மணி நேரத்தை நான்காம் படியாகவும் வகுத்துள்ளது. தீவில் வாழ்வோர் கேட்டு வாங்க வேண்டியது பிந்திய படிகளையே.

இதனினும் பெரிய தீங்கு துளையால் வருகிறது. உருண்டைக் குமிழில் சாவி செருகும் பூட்டு, 1920களில் சான் பிரான்சிஸ்கோவில் வால்டர் ஷ்லேக் உருவாக்கிய வகையினது. அதைப் பொருத்தக் கதவில் 54 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாகக் குடைய வேண்டும். ஒற்றைக் கதவாக அமைந்த புதுவீட்டுப் பலகைக்கு அது பொருந்தும். பழங்கடைவீட்டின் இரட்டைக் கதவிலோ ஓரச்சட்டம் குறுகலானது. கழுந்தும் துளையும் சேரும் மூட்டருகே அக்குடைவு விழுந்தால் சட்டம் பிளக்கும். வெட்டிய செங்கால் மரத்தை மீண்டும் ஒட்டி வளர்க்க இயலாது. நீண்ட தகட்டின்மேல் அமைந்த நெம்புகோல் பிடி அவ்வாறன்று. பழைய பூட்டின் துளைகளைத் தகடே மறைத்துக்கொள்ளும். மேற்பரப்புப் பெட்டிப்பூட்டை அப்படியே விட்டு, பிடியை மட்டும் மாற்றவும் வழியுண்டு. முதியோர் கைக்கும் குமிழைவிட நெம்புகோல் எளிது.

நகர விளையாட்டரங்கின் அருகே லோரோங் கூலிட் பழம்பொருட் சந்தையில் பரப்பி வைக்கப்படும் பூட்டுகளுக்கிடையே பழைய நிக்கல் குமிழ்களும் கிடைப்பதுண்டு. தெரிந்தெடுப்போர் அவற்றின் நடுப்பகுதியைப் பார்ப்பர். பல்லாண்டு கைபட்ட இடத்தில் வெண்மை தேய்ந்து, கீழிருக்கும் பித்தளையின் மஞ்சள் ஒரு காசளவு தெரியும். விளிம்பில் மட்டும் முலாம் எஞ்சியிருக்கும்.