தீராத காந்தாரம்: 1932 கெய்ரோ மாநாடும் இன்றைய தனித்தியங்கும் அரபு இசையும்

கடந்த கால் நூற்றாண்டில் கெய்ரோ, பெய்ரூட், துனிஸ், ரமல்லா நகரங்களிலும், அங்கிருந்து பெர்லினுக்கும் மான்ட்ரியாலுக்கும் புலம்பெயர்ந்தோரிடையிலும் ஓர் இசை வளர்ந்து வந்திருக்கிறது. உத், புஸூக் முதலிய நரம்புக் கருவிகளும் கணினியும் சிந்தசைசரும் ஒரே மேடையில் இடம்பெறும். மகாம் எனும் அரபுப் பண்முறையில் தொடங்கும் பாட்டு, இரைச்சலின் விளிம்புவரை சென்று திரும்பும். இதைப் பற்றி எழுதுவோர் பலர் "பழைமையும் புதுமையும் கலந்தது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் போதாது. இவர்கள் கையிலெடுக்கும் மரபு எந்தக் காலத்தது, அது எப்படி இவர்களிடம் வந்து சேர்ந்தது என்று கேட்டால், 1932-இல் கெய்ரோவில் எழுந்து முடிவில்லாமல் கலைந்த ஒரு வாதத்தின் தொடர்ச்சியாகவே இந்தச் சோதனைகள் தெரிகின்றன.

அந்த ஆண்டு மார்ச் மாதம் எகிப்து மன்னர் முதலாம் ஃபுவாத் அரபு இசை மாநாட்டைக் கூட்டினார். திட்டத்துக்கு வித்திட்டவர் துனிஸ் அருகே சிதி பூ சயீதில் வாழ்ந்த ஓவியரும் ஆய்வாளருமான பரோன் தெர்லாஞ்சே. உடல்நலக் குறைவால் அவரால் வர இயலவில்லை, அவ்வாண்டிலேயே இறந்தார். ஹங்கேரியின் பேலா பார்த்தோக், ஜெர்மனியின் பால் ஹிண்டெமித், கர்ட் சாக்ஸ், ராபர்ட் லாக்மன் ஆகியோரும், மொராக்கோ முதல் ஈராக் வரையிலான நாடுகளின் இசைக்குழுக்களும் வந்திருந்தனர். கருவிகள் குழுவில்தான் மோதல் கூர்மையானது. பியானோ உள்ளிட்ட மேலைக் கருவிகள் அரபு இசையைச் சிதைத்துவிடும் என்று ஐரோப்பிய அறிஞர் பலர் எச்சரித்தனர். எங்கள் இசையும் காலத்தோடு வளர வேண்டாமா என்று எகிப்தியர் பலர் கேட்டனர். கால் சுரம் வாசிக்கும்படி திருத்தி அமைத்த பியானோக்கள்கூட மாநாட்டுக்கு வந்திருந்தன. மரபைக் காக்க வெளியார் வாதிட, அதன் சொந்தக்காரர் மாற்றத்தைக் கேட்ட இந்தக் காட்சியை வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும்.

வாதத்தின் உள்ளே இருந்தது ஒரு சுரத்தின் இடம். ராஸ்த் என்ற அடிப்படை மகாமின் மூன்றாம் சுரம், நம் வழக்கில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் நிற்கும். எட்டாம் நூற்றாண்டு பாக்தாத்தின் உத் கலைஞர் ஸல்ஸலின் பெயரால் பழைய நூல்கள் இப்படியொரு இடைவெளியைச் சுட்டுகின்றன. 27/22 என்ற அதன் விகிதம், சுர இடைவெளியை அளக்கும் சென்ட் என்ற அலகில், ஏறத்தாழ 355. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிகாயில் மிஷாக்கா, ஸ்தாயியை 24 கால் சுரங்களாகப் பிரிக்கும் முறையை எழுதிவைத்தார். அந்த 24-உம் சமமானவை என்று கொண்டால் இதே சுரம் 350 சென்டில் ஆணியடித்தாற்போல் நின்றுவிடும். நடைமுறையில் அது நிற்பதில்லை. எகிப்தியர் பாடுவதும் சிரியர் பாடுவதும் ஒன்றல்ல. ஒரே பாடகரிடம்கூட மகாமுக்கு மகாம் அது நகரும். கமகத்தில் ஊறிய காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமப் பிரிவை ஏற்பதா, கலைஞர்களின் விரலை அளந்து எழுதுவதா என்பதில் மாநாட்டின் சுரவரிசைக் குழு உடன்பாடு காணவில்லை.

மாநாட்டின் நிலைத்த பயன் அதன் ஒலிப்பதிவுகள். ஈராக்கின் முகம்மது அல்-குபன்ஜி பாடியவை அவற்றுள் தலையாயவை. அவருக்குப் பக்கம் வாசித்தோரில் பெரும்பாலோர் ஈராக்கிய யூதர்கள். ஐம்பதுகளின் தொடக்கத்துக்குள் அந்தச் சமூகமே பாக்தாத்தைவிட்டு ஏறக்குறைய முழுதாக வெளியேறிவிட்டது.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் வானொலியும் திரைப்படமும் கேள்வியை வேறு வழியில் தீர்த்தன. நாலைந்து பேர் கொண்ட 'தக்த்' என்ற சிறு குழுவின் இடத்தில் வயலின் வரிசைகளோடு பெரிய இசைக்குழு வந்து அமர்ந்தது. 1964-இல் உம் குல்தூம் பாட, அப்துல் வஹாப் இசையமைத்த "இன்த உம்ரி"யில் மின்கிதார் ஒலித்தது. இன்று பலர் 'தூய மரபு' என்று போற்றும் இசை, தன் காலத்தின் துணிச்சலான சோதனை. இதை மறந்துவிட்டு இளைஞர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

இதே காலத்தில் யாரும் அதிகம் கவனியாத இன்னொரு தொடக்கமும் கெய்ரோவிலேயே நிகழ்ந்தது. 1944-இல் இருபத்து மூன்று வயது ஹலீம் எல்-தப், காந்தக் கம்பியில் ஒலி பதியும் கருவியொன்றை வானொலி நிலையத்திலிருந்து பெற்று, 'ஸார்' எனும் பெண்களின் பேயோட்டும் சடங்கைப் பதிவு செய்தார். பிறகு பதிவுக்கூடத்தில் அந்தக் குரல்களின் அடிப்படைச் சுரங்களை நீக்கி, மேலொலிகளையும் எதிரொலியையும் மட்டும் எஞ்சவிட்டார். சடங்கின் பாட்டு மறைந்து, அதன் அதிர்வு மட்டும் கேட்கிறது. பாரிசில் பியர் ஷாஃபர் இவ்வகை இசைக்குப் பெயர் சூட்டியது 1948-இல். மின்னணு இசை வரலாற்றை எழுதியோர் எல்-தபுக்கு உரிய இடத்தைத் தர அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அது பெருந்தவறு. அரபு மரபும் ஒலிச்சோதனையும் சந்தித்த முதல் இடம் ஐரோப்பாவில் இல்லை.

எழுபதுகளில் கேசட் வந்தபின், அரசையும் நிறுவனத்தையும் நம்பாமல் இசை பரவ வழி பிறந்தது. கண்பார்வையற்ற ஷேக் இமாம், கவிஞர் அகமது ஃபுவாத் நெக்ம் இருவரின் அரசியல் பாடல்கள் கெய்ரோவில் கைமாறிப் பரவின. காசாபிளாங்காவின் நாஸ் அல்-கீவான் குழு ஞாவா சடங்கிசையை பாஞ்சோவோடு இணைத்தது. கிழக்கு ஜெருசலேமின் ஸப்ரீன் குழுவில் இருபது ஆண்டு பாடிய கமிலியா ஜுப்ரான், 2002-இல் ஐரோப்பாவுக்குச் சென்று உத்தை மின்னணு ஒலிகளோடு சேர்த்தார். பெய்ரூட்டில் உள்நாட்டுப் போர் முடிந்தபின் வளர்ந்த தலைமுறையில் சோப் கில்ஸ் என்ற இருவர் குழு, பழைய அரபுப் பாடல்களை மெல்லிய மின்னணுத் தாளத்தில் வைத்துப் பாடியது. சவூதி முதலீட்டில் வளர்ந்த ரொத்தானா இசை நிறுவனம் அரபுச் சந்தையை ஆண்ட காலம் அது. இவர்களுக்கு அங்கே இடமில்லை.

பெய்ரூட்டில் 2000-ஐ ஒட்டி மாஸன் கெர்பாஜும் ஷரீஃப் செஹ்னாவியும் தொடங்கிய 'இர்திஜால்' என்ற உடனடிப் படைப்பிசை விழாவையும் இங்கே சேர்க்க வேண்டும். 2006 ஜூலையில் இஸ்ரேல் பெய்ரூட்டின்மீது குண்டு வீசியபோது, கெர்பாஜ் தன் வீட்டு மாடத்தில் டிரம்பெட்டோடு உட்கார்ந்து பதிவு செய்தார். மூச்சும் உலோக உரசலுமாக டிரம்பெட் தொடங்குகிறது. தொலைவில் குண்டு விழுகிறது. கார்களின் எச்சரிக்கை மணிகள் அலறுகின்றன, நாய்கள் குரைக்கின்றன, டிரம்பெட் மீண்டும் நுழைகிறது. இதில் மகாம் இல்லை. ஆனால் சுற்றியுள்ள ஒலிக்குக் காதுகொடுத்து அந்தக் கணத்திலேயே வாசிக்கும் 'தக்ஸீம்' மரபின் ஒழுக்கம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

பழைய இசைத்தட்டுகள் மறுபடி கிடைத்தது இன்னொரு திருப்பம். 2009-இல் லெபனானில் கமால் கஸ்ஸார் தொடங்கிய அமார் அறக்கட்டளை, இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பதாண்டுத் தட்டுகளைத் திரட்டி வெளியிட்டது. பெரிய இசைக்குழுக்களுக்கு முந்தைய ஒலி இளைஞர்களின் காதில் விழுந்தது. இவர்கள் தேடிப்போன மரபு தாத்தாக்களின் வானொலிக்கு முந்தையது.

அதன் சிறந்த விளைவுகளில் ஒன்று, கெய்ரோவின் நாதா எல் ஷாஸ்லி 2017-இல் வெளியிட்ட "அஹ்வார்". பங்க் பாடல்கள் பாடித் தொடங்கியவர் அவர். அந்தத் தொகுப்பில் 1923-இல் மறைந்த சையது தர்வீஷின் "அனா இஷிக்த்" இருக்கிறது. அது 'தவ்ர்' வகைப் பாட்டு. ஒரே வரியை, சில நேரம் ஒரே 'ஆ'காரத்தை, பாடகர் திரும்பத் திரும்ப வேறுவேறாக வளைக்க, குழு பதில் பாடுவது தவ்ரின் இதயம். எல் ஷாஸ்லி அந்த வளைவுகளை அவசரமின்றிப் பாடுகிறார். அடியில் நகரும் இசை எந்த நிமிடமும் சரியக்கூடியதாக இருக்கிறது. பாட்டுக்கு ஆபத்தைத் திருப்பித் தந்திருக்கிறார். தர்வீஷின் பாடல்களை அருங்காட்சியகப் பொருளாக்கிய பல அரசு மேடைகளைவிட இது அவருக்குச் செய்த உண்மையான மரியாதை.

இந்தத் தொகுப்பை வெளியிட்ட நவா ரெக்கார்டிங்ஸின் கியாம் அல்லாமி, டமாஸ்கஸில் பிறந்த ஈராக்கியர், உத் கலைஞர். 1932-இன் கேள்விக்கு நேரடியாகத் திரும்பியவர் அவரே. கணினி இசைக்கருவிகளின் பொதுமொழியான மிடி 1983-இல் வந்தபோது, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரம் என்ற மேலைக் கணக்கு அதில் இயல்பாகிவிட்டது. மகாமில் இசையமைக்க விரும்பும் இளைஞர் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2021-இல் அல்லாமி, கவுன்டர்பாயின்ட் நிறுவனத்தோடு சேர்ந்து லைமா, அபொடொமே என்ற இரு இலவச மென்பொருள்களை வெளியிட்டார். எந்தச் சுரத்தையும் விகிதமாகவோ சென்டாகவோ விரும்பிய இடத்தில் வைக்கலாம். ஸல்ஸலின் காந்தாரத்தையும் வைக்கலாம். மாநாட்டுக் குழு 'எது சரி' என்று கேட்டது. இந்த மென்பொருள் அந்த முடிவை வாசிப்பவரின் காதுக்கே விட்டுவிடுகிறது. கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசித்த சிரிய, எகிப்தியக் கலைஞர்கள் கால் சுரப் பொத்தான்களை வைத்து இதே சிக்கலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சமாளித்தார்கள் என்பதையும் ஆய்வுலகம் பதிவு செய்ய வேண்டும்.

இந்த இசையின் பலவீனம் அதன் பொருளாதாரம். எகிப்தில் மேடையேற இசைக்கலைஞர் சங்கத்தின் அனுமதி வேண்டும். 2020-இல் அச்சங்கம் மஹ்ரகானாத் என்ற மின்னணுத் தெருவிசைப் பாடகர்களுக்கே தடை போட்டது. பெய்ரூட் 2020 ஆகஸ்ட் துறைமுக வெடிப்பிலும் பணமதிப்புச் சரிவிலும் கலைஞர்களை இழந்தது. பல தொகுப்புகள் லண்டனிலும் மான்ட்ரியாலிலும் வெளியாகின்றன, ஐரோப்பிய விழாக்களில் கைதட்டல் பெறுகின்றன. சொந்த ஊரில் கேட்பதற்கு அரங்கம் இல்லையென்றால் மகாமின் நுட்பத்தைத் திருத்திச் சொல்லும் ரசிகர் இருக்கமாட்டார்.

கெய்ரோ மாநாட்டுப் பதிவுகள் முழுமையாக 18 குறுந்தட்டுகளாக வெளியானது 2015-இல்தான். வெளியிட்டது பிரான்ஸ் தேசிய நூலகம். வாசகர்கள் குபன்ஜியை முதலில் கேட்டுவிட்டு "அஹ்வார்" கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.