பழைய பொட்டி, புது ஓ.எஸ். - கொஞ்சம் சரித்திரம்

"இந்தக் கணினிக்கு ஆதரவு இல்லை" என்று திரையில் ஒரு வரி வந்தால் போதும், நம் மக்கள் உடனே புது லேப்டாப்புக்கு ஈ.எம்.ஐ. கணக்குப் போட ஆரம்பித்து விடுகிறார்கள். 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் பெரிய கும்பிடு போட்டதில் இருந்து இது ரொம்ப அதிகம். மும்பையில் எங்கள் வட்டாரத்தில் என்னை எல்லோருக்கும் 'கம்ப்யூட்டர்காரன்' என்று தெரியும். பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்குக் காத்திருக்கும்போதுகூட இதே கேள்விதான். "வாங்கி எட்டு வருஷம்தானேப்பா ஆச்சு, நல்லாத்தானே ஓடுது, தூக்கிப் போட்டுடணுமா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் 'ஆதரவு இல்லை' என்ற அந்த ஒரு வரிக்குள் இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று, நிஜமாகவே முடியாது. இன்னொன்று, முடியும், ஆனால் நாங்கள் பொறுப்பு இல்லை. முதலாவது சுவர். இரண்டாவது பூட்டின கேட். எது சுவர், எது கேட் என்று பிரித்துப் பார்க்க ஆப்பிள் கம்பெனியின் கதையைப் போல வசதியானது வேறு இல்லை. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

1996 டிசம்பரில் ஆப்பிள், ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனியை வாங்குவதாக அறிவித்தது. அந்த நெக்ஸ்ட்டின் இயங்குதளத்தை அடித்தளமாக வைத்து 2001 மார்ச் 24-ல் மேக் ஓ.எஸ். எக்ஸ் 10.0 வந்தது. விலை 129 டாலர். ஆனால் தொழிற்சாலையில் இருந்து வரும்போதே ஜி3, ஜி4 செயலியோடு வந்த மேக்குகளுக்கு மட்டும்தான் ஆதரவு. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து பவர் மேக் 9500, 9600 வாங்கியவர்கள் வாசலுக்கு வெளியே. அதிலும் பலர் வேறு கம்பெனிகள் விற்ற ஜி3 கார்டை வாங்கி அந்தப் பொட்டிகளில் சொருகி வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பது ஜி3தான், ஆனால் சொருகினது ஆப்பிள் இல்லையாம், அதனால் செல்லாதாம்.

அப்போது களத்தில் குதித்தவர் ரயன் ரெம்பல். முதலில் 'அன்சப்போர்ட்டட் யுடிலிட்டி எக்ஸ்' என்று ஒரு மென்பொருள், பிறகு அதுவே 'எக்ஸ்போஸ்ட்ஃபேக்டோ' ஆனது. பேரிலேயே குசும்பு. 'எக்ஸ் போஸ்ட் ஃபேக்டோ' என்றால் சட்ட பாஷையில், நடந்து முடிந்த காரியத்துக்கும் சேர்த்துச் செல்லும் சட்டம். இங்கே பழைய பொட்டிக்கும் சேர்த்துச் செல்லும் ஓ.எஸ். எக்ஸ்.

இது எப்படிச் சாத்தியமானது என்றால், ஓ.எஸ். எக்ஸின் அடிப்பகுதியான 'டார்வின்' என்பதன் மூல நிரலை ஆப்பிளே வெளியிட்டிருந்தது. மேலே தெரிகிற அழகான ஜன்னல், பட்டன் எல்லாம் ரகசியம். ஆனால் பொட்டியை எழுப்பிவிடுகிற வேலை, வன்தட்டோடு பேசுகிற வேலை எல்லாம் திறந்த புத்தகம். ரெம்பல் அதைப் படித்து, பழைய பொட்டிகளுக்கு ஏற்ற மாதிரி துவக்கியைத் திருத்தி, ஆப்பிள் கைவிட்ட டிரைவர்களுக்குப் பதில் வேறு வைத்து, பொட்டியின் 'ஓப்பன் ஃபர்ம்வேர்' நினைவில் "இனிமேல் இந்த வழியாக எழுந்திரு" என்று எழுதி வைத்துவிட்டார். அவ்வளவுதான், பொட்டி எழுந்து உட்கார்ந்தது.

ஆப்பிள் ஒவ்வொரு பதிப்பிலும் கோட்டை நகர்த்திக்கொண்டே போனது. 2003 அக்டோபரில் வந்த 10.3-க்கு, பொட்டியோடு கூடப்பிறந்த யூ.எஸ்.பி. வேண்டும் என்றார்கள். முதல் ஜி3 மேக், அந்தப் பழுப்பு நிறப் பொட்டி, காலி. 2005 ஏப்ரலில் வந்த 10.4 டைகருக்கு ஃபயர்வயர் வேண்டும் என்றார்கள். ஆரம்பகால வண்ண வண்ண ஐமேக்குகளும் காலி. ஓ.எஸ். ஓட யூ.எஸ்.பி. எதற்கு? தேவையே இல்லை. எந்த வருஷத்து மாடல் என்று கண்டுபிடிக்க அது ஒரு அடையாளம், அவ்வளவே.

அந்தப் பழுப்பு ஜி3 ஒன்று 2006-ல் என் வீட்டுக்கு வந்தது. ஆபீசில் டி.டி.பி. பிரிவில் கழித்துக் கட்டினார்கள், எடைக்குப் போடுவதற்கு முன் கேட்டு வாங்கிக்கொண்டேன். 266 மெகாஹெர்ட்ஸ். எனக்கு டைகர் ஏன் வேண்டும் என்றால், தமிழ்! முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு அந்தப் பதிப்பில் கூடவே வந்தது. அதுவரை அந்தப் பொட்டியில் யூனிகோட் தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர்ச் செய்தி கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டைகர் வந்தது டி.வி.டி.யில், பொட்டியில் இருந்ததோ சி.டி. டிரைவ். லேமிங்டன் ரோட்டில் ஒரு பழைய டி.வி.டி. டிரைவும் கொஞ்சம் ராமும் பிடித்தேன். இந்த மாடலில் ஒரு விசேஷம், வன்தட்டு எவ்வளவு பெரிசாக இருந்தாலும் ஓ.எஸ். முதல் 8 ஜி.பி.க்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழாது. பிரித்து, எக்ஸ்போஸ்ட்ஃபேக்டோவை ஓட்டி, இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்தது விடியற்காலை இரண்டு மணிக்கு முடிந்தது. வீட்டுக்காரம்மா நடுவில் எழுந்து வந்து, "இதுக்குப் பதிலா தூங்கியிருக்கலாம்ல" என்றார். நியாயம்தான். ஜன்னலை நகர்த்தினால் இழுத்து இழுத்துத்தான் வந்தது. ஃப்ளாப்பி டிரைவை ஓ.எஸ். எக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் தமிழ் தெரிந்தது, முழுசாக. என் பெண் அ, ஆ தட்டிப் பழகினது அந்தப் பொட்டியில்தான். மூன்று வருஷம் ஓடியது.

அடுத்த கதை இன்னும் வேடிக்கை. 2007 அக்டோபர் 26-ல் 10.5 லெப்பர்ட். இதற்கு 867 மெகாஹெர்ட்ஸ் ஜி4 வேண்டும். 800 வைத்திருந்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள், 67-ல் கோட்டை! 'லெப்பர்ட்அசிஸ்ட்' என்று ஒரு குட்டி மென்பொருள் வந்தது. அது செய்தது ஒன்றே ஒன்று. நிறுவி வந்து "உன் வேகம் என்ன?" என்று கேட்கும்போது "867" என்று பொட்டியைப் பொய் சொல்ல வைத்தது. பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு உயரம் அளக்கிறவரிடம் நம் பையன்கள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்களே, அதே டெக்னிக். உள்ளே போன பிறகு லெப்பர்ட் பாட்டுக்கு ஓடியது. இதைத்தான் கேட் என்கிறேன்.

சுவரும் உண்டு. 2009-ல் வந்த 10.6 இண்டெல் செயலிக்கு மட்டுமே எழுதப்பட்டது. ஜி4, ஜி5-க்குப் புரியும் கட்டளையே அதில் கிடையாது. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சில சமயம் சுவர் என்று நினைத்ததிலும் ஒரு ஜன்னல் இருந்தது. 2006 மேக் ப்ரோவில் செயலி 64 பிட், ஆனால் அதை எழுப்புகிற ஈ.எஃப்.ஐ. 32 பிட். 2012-ல் வந்த 10.8 இரண்டையும் 64-ஆகக் கேட்டது. டியாமோ என்ற புனைபெயரில் ஒருவர் நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு துவக்கியை எழுதினார். அந்தப் பொட்டிகள் 10.11 வரை போயின.

2013-ல் இருந்து ஆப்பிள் ஓ.எஸ்.ஸை இலவசமாக்கியது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதன் பிறகு பழைய பொட்டிக்காரரிடம் இருந்து கம்பெனிக்கு வரவேண்டிய ஓ.எஸ். காசும் கிடையாது. புதுப் பொட்டி விற்றால்தான் காசு.

கம்பெனி பக்கமும் சொல்லிவிடுகிறேன், நானும் சோதனைப் பிரிவில் பத்து வருஷம் குப்பை கொட்டியவன். ஆதரவு என்றால் ஒவ்வொரு மாடலையும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மேஜையில் வைத்துச் சோதிக்க வேண்டும். யாராவது போன் செய்தால் எடுக்க வேண்டும். அது செலவு. ஒரு கட்டத்தில் கோடு போடத்தான் வேண்டும். கோடு போட்டதில் தப்பில்லை, 'போட்டது நாங்கள்' என்று சொல்லாமல் 'உங்கள் கணினியால் முடியாது' என்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்காதது.

2020 கடைசியில் தொடங்கிய 'ஓப்பன்கோர் லெகசி பேட்சர்' இப்போதைய எக்ஸ்போஸ்ட்ஃபேக்டோ. ஆப்பிள் அல்லாத கணினிகளில் மேக் ஓ.எஸ்.ஸைத் திருட்டுத்தனமாக ஏற்றுகிறவர்களுக்காகப் பிறந்த கருவியை வைத்து, ஆப்பிள் தானே விற்ற பொட்டிகளைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் இலவசமாக ஒன்றும் கிடைக்காது. பழைய கிராஃபிக்ஸ் சிப்புக்கான டிரைவரைத் திரும்ப நுழைக்க, ஓ.எஸ். தன் கோப்புகளுக்குப் போட்டிருக்கும் முத்திரையை உடைத்து, பாதுகாப்பில் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் ஒட்டுப் போடும் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். பேங்க் வேலை பார்க்கிற பொட்டியில் இதைச் செய்யுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஒன்றும் செய்யாமல் பழைய ஓ.எஸ்.ஸிலேயே இருக்கலாமே என்றால், 2021 செப்டம்பர் 30 ஞாபகம் வருகிறது. அன்று ஒரு பழைய பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது. 10.11-ம் அதற்கு முந்தியதும் ஓடிய மேக்குகளில் ஏகப்பட்ட தளங்கள் ஒரே நாளில் திறக்க மறுத்தன. பொட்டியில் ஒரு ஸ்க்ரூகூடக் கழலவில்லை.

சரி, பந்திக் கேள்விக்கு வருவோம். விண்டோஸ் 11 2021 அக்டோபர் 5-ல் வந்தது. டி.பி.எம். 2.0 வேண்டும், இண்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். கேட்டா, சுவரா? பெரும்பாலும் கேட். ஆதாரம் வேண்டுமா, மைக்ரோசாஃப்ட் தன் சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-ல் இருந்த ஏழாம் தலைமுறைச் செயலியையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆதரவில்லாத செயலியிலும் ஏற்றுவதற்கான ரெஜிஸ்ட்ரி வழியையும் அவர்களே வெளியிட்டார்கள். சுவர் 2024-ல் வந்தது. 24எச்2 பதிப்பு 'பாப்கவுண்ட்' என்ற கட்டளையைச் செயலியிடம் எதிர்பார்க்கிறது. கோர் 2 டுவோ காலத்துப் பொட்டிகளில் அது கிடையாது, எழவே எழாது.

அதனால் முதலில் என்ன செயலி என்று பாருங்கள். எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால், பயாஸில் பி.டி.டி. என்று ஒன்று அணைந்து கிடக்கிறதா பாருங்கள். அதை ஆன் செய்தாலே பல பேருக்குக் கேட் திறந்துவிடும், காசு செலவில்லை. ஆறு, ஏழாம் தலைமுறை என்றால் மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிப்பில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தார்கள். அதையும் தாண்டி ஓட்ட வேண்டும் என்றால், படம் பார்க்கவும் ஊருக்கு வீடியோவில் பேசவும் மட்டும் இருக்கிற பொட்டிக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுப்பேன். எதைச் செய்வதற்கு முன்னாலும் கல்யாண போட்டோவையெல்லாம் வேறு ஒரு டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.