ராமசாமியின் கைப்பக்குவம்

கொத்துக்கறியில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் பொடியாக அரிந்து போட்டுப் பிசைந்து உருட்டிக்கொள்ள வேண்டும். தேங்காய்ப்பால் குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது உருண்டைகளை ஒவ்வொன்றாக விட வேண்டும். விட்ட பிறகு கரண்டி போடக் கூடாது. சட்டியைப் பிடித்து ஒரு குலுக்கு, அவ்வளவுதான். பக்கத்தில் மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சோறு. காய்ந்த மிளகாய், வெங்காயம், வினிகர், சர்க்கரை அரைத்த டெவில் சட்னி. கோலார் தங்கவயலின் ஆங்கிலோ-இந்திய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இதுதான். அவர்கள் வாயில் அது பால் கரி, அதாவது ‘ball curry’. நமக்கு அது கோளா உருண்டைக் குழம்பின் பங்காளி.

இந்தப் பக்குவமெல்லாம் எனக்கு அப்பாவைப் பெற்ற ஆயா சொன்னது. தங்கவயலின் மைசூர் மைன்ஸ் சுரங்கப் பகுதியில் ஒரு பங்களாவில் சமையலுக்கு இருந்தவள்.

1880இல் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி தொடங்கியது. நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கீழே மேற்பார்வைக்கும் ஆபீசுக்கும் ஆங்கிலோ-இந்தியர்கள். குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள், அதிலும் தலித்துகள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆயா காலத்திலும் சமையல் என்னவோ விறகடுப்பில்தான்.

வெள்ளைக்காரர் வீட்டிலும் ஆங்கிலோ-இந்தியர் வீட்டிலும் மாட்டிறைச்சி உண்டு. அதைத் தொட்டுச் சமைக்க மேல்சாதிச் சமையல்காரர் வரமாட்டார். ஆகவே சென்னை மாகாணம் முழுக்க அந்த அடுப்படிகள் பெரும்பாலும் பறையர்கள் கையில் இருந்தன. கலப்புச் சமையல் என்று இன்று கொண்டாடுகிறோமே, அதில் வினிகர் அவர்களுடையது என்றால் மிளகாயின் அளவு நம்முடையது. பருப்பில்லாமல் புளியும் மிளகும் சீரகமும் கொதிக்கும் அவர்களுடைய பெப்பர் வாட்டரை எந்தத் தமிழ் வீட்டிலும் ரசம் என்று ஊற்றிக்கொள்வார்கள்.

1878இல் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் ‘வைவர்ன்’ என்ற பெயரில் சென்னைச் சமையல் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் சமையல்காரர் யாராக இருந்தாலும் ராமசாமிதான். ராமசாமிக்கு இது தெரியாது, ராமசாமியை இப்படிப் பழக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் போகும். கெட்டிக்காரர் என்று அங்கங்கே ஒப்புக்கொள்கிறார், அதுவரை சரி. சொந்தப் பெயர் மட்டும் வராது.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸிலும் கதை இப்படித்தான் தொடங்கியது. பிரெஞ்சு, ஸ்பானிய எஜமானர்களின் சமையலறையில் ஆப்பிரிக்க அடிமைகள் ஆக்கிப் போட்டதிலிருந்து வளர்ந்தது கிரியோல் சமையல். கம்போ குழம்பில் விழும் வெண்டைக்காயே ஆப்பிரிக்காவிலிருந்து போனது. ஆனால் அங்கே 1941இல் டூக்கி சேஸ் என்ற கறுப்பினக் குடும்பத்தின் உணவகம் எழுந்தது. அதன் அடுப்படியை ஆண்ட லியா சேஸ் 2019இல் 96 வயதில் இறந்தபோது நாடே பெயர் சொல்லி அழுதது. நம் பக்கத்து கன்ட்ரி கேப்டன் கோழிக்கறிகூட ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் விருப்ப உணவாகிவிட்டது. மைசூர் மைன்ஸில் பால் கரி விற்ற கடை எனக்குத் தெரிந்து கிடையாது. பங்களாவில் வெந்தது, பங்களாவோடு போனது.

1947க்குப் பிறகு தங்கவயலின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறத் தொடங்கின. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமே மூடியது. தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் வைட்-குமார் இந்தச் சமையலை ஆங்கிலத்தில் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்தார். அது பெரிய காரியம், அவர் இல்லாவிட்டால் பாதி மறைந்திருக்கும். வீட்டு மேசையின் நினைவு அவரிடம் இருக்கிறது. அடுப்படியின் பக்கத்தை எழுத ஆயாவுக்கு எழுத்து தெரியாது.

சுரங்கத் தொழிலாளர் லைனில் எங்கள் வீட்டில் அவள் அதே உருண்டையைத்தான் போட்டாள். ஆனால் புளிக்குழம்பில். சம்பள வாரத்தில்கூடத் தேங்காய்ப்பால் கட்டுப்படியாகாது என்பாள்.