குருதிப் பைக்குள் கசியும் எண்ணெய்

குருதி வங்கியின் பை கையில் துவள்கிறது. வீட்டுச் சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாய் தட்டினால் ஒலிக்கிறது. இரண்டும் ஒரே பி.வி.சி.தான். வேறுபாட்டை உண்டாக்குவது, பையின் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை கலந்திருக்கும் ஒரு நெகிழ்வூட்டி. முழுப்பெயர் டை(2-எத்தில்ஹெக்சில்) தாலேட். ஆய்வகப் பேச்சில் டி.இ.எச்.பி. ஐரோப்பா தன் குழந்தைகளின் பொம்மைகளிலிருந்து விலக்கிவிட்ட இப்பொருள், குருதிப் பையில் மட்டும் இத்தனை காலம் நீடிப்பது ஏன்? 'தொழில்துறையின் பேராசை' என்று ஒற்றை வரியில் விடை சொல்லிவிடலாம். வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை.

தாலிக் அன்ஹைட்ரைடையும் 2-எத்தில்ஹெக்சனால் என்ற ஆல்ககாலையும் வினையூக்கி சேர்த்துச் சூடாக்கினால், அன்ஹைட்ரைடின் ஒரு மூலக்கூறு ஆல்ககாலின் இரண்டு மூலக்கூறுகளோடு இணைய, நீர் வெளியேறுகிறது. எஞ்சுவது நிறமற்ற, நீரைவிடச் சற்றே இலேசான ஓர் எண்ணெய். மூலப்பொருள்கள் பெட்ரோலிய ஆலைகளில் மலிவாகக் கிடைப்பவை. கொதிநிலை 380 பாகை செல்சியஸுக்கு மேல். எனவே எளிதில் ஆவியாகாது. பி.வி.சி.யின் நீண்ட சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இது இடம் தருகிறது. ஆனால் எந்தச் சங்கிலியோடும் வேதிப்பிணைப்புக் கொள்வதில்லை, ஒண்டுக் குடித்தனம்தான். நீர் அழைத்தால் வெளியே வராது, கொழுப்பு அழைத்தால் வந்துவிடும். குருதியில் கொழுப்பு உண்டு. இக்கதை முழுவதும் இந்த ஒரு பண்பிலிருந்தே பிறக்கிறது.

1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடும்போது, பயனற்றதாகக் கருதப்பட்ட பி.வி.சி.யை நெகிழவைக்கும் வழியைக் கண்டார். டி.இ.எச்.பி. 1930களில் வந்து சேர்ந்தது. அதைக் குருதியின் அருகே கொண்டுவந்தவர் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் கார்ல் வால்டர். அதுவரை குருதி கண்ணாடிப் புட்டியில் இருந்தது. புட்டி உடையும், குருதி இறங்க உள்ளே காற்று புக வேண்டும், அக்காற்று நோயாளியின் நாளத்துக்குள் சென்றால் உயிரே போகலாம். பையோ காலியாகக் காலியாகத் தானே சுருங்குகிறது. கொரியப் போர்க்களத்தில் அது சோதிக்கப்பட்டது. பிறகு பைகளைக் குழாயால் இணைத்து, மூடிய நிலையிலேயே சுழற்றி, செவ்வணு, தட்டணு, நீர்மம் எனப் பிரிக்க முடிந்தது. ஒருவர் அளித்த கொடை மூவருக்குப் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தில் இதற்கு இணையான எளிய கருவி மிகச் சிலவே என்பது என் கணிப்பு.

1970-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ருடால்ப் ஜேகரும் ராபர்ட் ரூபினும், பையில் சேமித்த குருதியில் நெகிழ்வூட்டி கலந்திருப்பதை வெளியிட்டனர். குருதி ஏற்றப்பட்டவர்களின் திசுக்களிலும் அது இருந்தது. 1982-இல் அமெரிக்க அரசின் நச்சியல் ஆய்வு, மிகுந்த அளவில் உண்ட எலிகளுக்குக் கல்லீரல் கட்டிகள் தோன்றியதை அறிவித்தது. இவ்விளைவு மனிதனுக்குப் பொருந்துமா என்பதில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையே நிலைமாறியிருக்கிறது: 1982-இல் ஐயத்துக்குரியது, 2000-இல் வகைப்படுத்த இயலாதது, 2011-இல் மீண்டும் ஐயத்துக்குரியது. இதைக் குழப்பம் என்று எள்ளுவோர் உண்டு. சான்று மாறும்போது தீர்ப்பையும் மாற்றுவதை நான் குறையாகக் கொள்ளமாட்டேன்.

மாற்று நெகிழ்வூட்டி கொண்ட பைகள் செய்யப்பட்டபோதுதான் எவரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. அவற்றில் செவ்வணுக்கள் கூடுதலாகச் சிதைந்தன. பையிலிருந்து கசிந்த டி.இ.எச்.பி. செவ்வணுவின் சவ்வில் நுழைந்து அதை நிலைப்படுத்தி வந்திருந்தது என்பதை 1980களின் ஆய்வுகள் காட்டின. கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் என்று நாம் கொள்ளும் சேமிப்புக் காலமும் இந்த எண்ணெய் உள்ளே இருந்த நிலையிலேயே கணிக்கப்பட்டது. மாசு என்று பிடிபட்டது, எவரும் எழுதிச் சேர்க்காத ஒரு மருந்துச் சரக்காகவே வேலை பார்த்திருந்தது. தட்டணுக்களின் கதை வேறு. அவற்றுக்குப் பையின் சுவர் வழியே உயிர்வளி வேண்டும். ஆகவே அவற்றுக்கு வேறு நெகிழ்வூட்டிகள் முன்பே வந்துவிட்டன.

இந்தியா இதற்குள் தாமதமாக நுழைந்தது. பைகள் இறக்குமதியாகி விலை ஏறியிருந்ததால் நம் மருத்துவமனைகளில் கண்ணாடிப் புட்டிகளே நெடுங்காலம் நீடித்தன. இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1980களில் குருதிப் பையை உள்நாட்டிலேயே உருவாக்கியது. ஆட்சிப் பணியைத் துறந்து வந்த பாலகோபால் தொடங்கிய பெனின்சுலா பாலிமர்ஸ் அத்தொழில்நுட்பத்தை ஏற்று உற்பத்தி செய்தது; பின்னாளில் அது ஜப்பானின் டெருமோவோடு இணைந்தது. உலகம் ஏற்றிருந்த அதே நெகிழ்வூட்டிதான் இங்கும். உடையும் புட்டியா, கசியும் பையா என்ற தெரிவில் அன்று அவர்கள் தயங்கியிருக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் மருத்துவக் கருவிகளில் டி.இ.எச்.பி.யை விலக்குவதற்கான கெடுவை 2030 ஜூலைக்குத் தள்ளிவைத்திருக்கிறது. சிட்ரேட் வகையும் டி.ஐ.என்.சி.எச். போன்றவையும் மாற்றாக முன்நிற்கின்றன. ஆனால் பையை மட்டும் மாற்றினால் போதாது. செவ்வணுவைத் தாங்கும் கரைசலையும் சேர்த்து மாற்றி, சேமிப்பின் கடைசி நாளில் எத்தனை அணு சிதைந்தது என்பதை மறுபடி அளக்க வேண்டும். சேமிப்புக் காலம் ஒரு வாரம் குறைந்தாலும் அதன் சுமை முதலில் விழுவது, பெரு நகரத்திலிருந்து குருதி வரவேண்டிய சிற்றூர் மருத்துவமனைகளின் மீது. மறுபுறம், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2002-இலேயே ஆண் சிசுக்களைக் குறித்து எச்சரித்திருக்கிறது. தலசீமியா உள்ள குழந்தைகளோ சில வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுதும் செவ்வணு ஏற்றிக்கொள்கிறார்கள். இந்த எண்ணெயை மிகுதியாகப் பெறுபவர்களும் அவர்களே. குருதி ஒருநாள் இல்லையென்றால் முதலில் தவிப்பவர்களும் அவர்களே.