புறம்போக்கு
தாம்பரம் பக்கத்துப் பீர்க்கன்கரணை ஏரி போன்ற நீர்நிலைகளை வருவாய்த்துறை ‘ஏரிப் புறம்போக்கு’ என்று எழுதும். புறம் + போக்கு: வரித்தீர்வைக்கு வெளியே விடப்பட்ட நிலம். ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால், சுடுகாடு என ஊரே புழங்கும் இடங்கள்தான் இதில் அடக்கம். இழிவு துளியும் இல்லாத கணக்குச் சொல். வரி தராதது உதவாதது என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டதாலோ என்னவோ, தெருச்சண்டையில் ‘பொறம்போக்கு’ வசையாகிவிட்டது. நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ கெட்ட வாடையாய்ச் சுருங்கியதுபோல, இதுவும் இழிபொருட்பேறு. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கக் கோரி கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ அந்த வசையைத் தலைகீழாக்கப் பார்த்தது. தாம்பரம் பக்கம் மனை வாங்குவோர் மட்டும் இச்சொல்லை இன்றும் அசல் பொருளிலேயே படிக்கிறார்கள், பயந்துகொண்டே.