குறிச்சொல் கட்டாயமான வரலாறு: மேகக் கணிமையில் வளங்களின் அடையாளமும் நிறுவன அளவிலான அணுகல் கொள்கையும்

மேகக் கணிமை எனப்படுவது, கணினிகளையும் சேமிப்பகத்தையும் ஒரு நிறுவனம் தானே விலைக்கு வாங்காமல், வேறொருவருடைய தரவு மையத்திலிருந்து தேவைப்படும் காலத்துக்கு மட்டும் வாடகைக்குப் பெறும் முறையாகும். இவ்வாறு பெறப்படும் மெய்நிகர் கணினி, வட்டு, தரவுத்தளம் முதலிய ஒவ்வொன்றும் ‘வளம்’ எனப்படுகிறது. அந்த வளத்தோடு சேர்த்துவைக்கப்படும் பெயர்–மதிப்பு இணையே ‘டேக்’ எனும் குறிச்சொல். ‘செலவு மையம்’ என்பது பெயராகவும் அந்த மையத்தின் எண் மதிப்பாகவும் அமையலாம். ‘பொறுப்புக் குழு’ என்பது பெயராகவும் ஒரு குழு அதன் மதிப்பாகவும் அமையலாம். இக்குறிச்சொற்கள் இல்லாமல் எந்த வளத்தையும் உருவாக்க முடியாதபடி முழு நிறுவனத்துக்கும் பொதுவான ஓர் அணுகல் கொள்கையால் தடுப்பது இன்று பல பெரிய நிறுவனங்களின் வழக்கமாகிவிட்டது. ஒரு சுற்றறிக்கையால் முடிந்துவிடும் காரியமாக இது தோன்றினாலும், அமேசான் வெப் சர்வீசஸில் குறிச்சொல் அறிமுகமான 2010-க்கும் இத்தகைய தடை முழுமையாகச் சாத்தியமான 2019-க்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. இத்தாமதத்துக்கு நிர்வாகங்களின் அக்கறையின்மையைக் காரணம் காட்டுவது வழக்கம். ஆனால் வளத்தை உருவாக்குவதும் குறிச்சொல் இடுவதும் நெடுங்காலம் இரு வேறு செயல்களாக இருந்ததே முதன்மைக் காரணம் என்பது, நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்க்கையில் தெளிவாகிறது.

கணக்குக் குறியீடு இல்லாத வேலையை ஏற்க மறுக்கும் கணினி மேகக் கணிமைக்கு மிக முந்தையது. 1961-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதன்முதலாகச் செய்துகாட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் என்னும் நேரப் பகிர்வு அமைப்பில், பயனர் தம் பெயரோடு எந்த ஆய்வுப் பணியின் கணக்கில் கணினியைப் பயன்படுத்துகிறார் என்பதைக் குறிக்கும் எண்ணையும் தந்தே உள்நுழைய வேண்டியிருந்தது. 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில், ஒவ்வொரு வேலையின் முகப்பாக அமைந்த ‘ஜாப்’ அட்டையிலேயே கணக்கு விவரத்துக்கான இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதைக் கட்டாயமாக்குவதா விருப்பத்துக்கு விடுவதா என்பதை அந்தந்த நிலையமே முடிவுசெய்துகொள்ளலாம். அதே தெரிவு ஐபிஎம் பெருங்கணினிகளின் வேலை மேலாண்மை மென்பொருளில் இன்றும் நீடிக்கிறது. இம்முறையில் கணக்குக் குறியீடும் வேலைக் கோரிக்கையும் ஒரே அட்டைக் கட்டில் சேர்ந்தே வந்தன என்பதும், ஆகவே வாசலிலேயே சரிபார்த்துத் திருப்பி அனுப்ப முடிந்தது என்பதும் பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ளத் தேவையான செய்திகள்.

அமேசான் தன் எஸ்3 சேமிப்பகத்தை 2006 மார்ச்சிலும் இசி2 மெய்நிகர் கணினிச் சேவையை அதே ஆண்டு ஆகஸ்டில் சோதனை நிலையிலும் வெளியிட்டபோது, இந்த வாசல் இல்லாமற்போனது. அதுவரை ஒரு சர்வர் வாங்க விண்ணப்பம், ஒப்புதல், கொள்முதல் ஆணை எனப் பல கைகள் மாற வேண்டியிருந்ததால், பொருள் வந்துசேரும் முன்பே அதன் பொறுப்பாளரும் செலவுத் தலைப்பும் ஏட்டில் பதிவாகிவிடும். கடன் அட்டை எண்ணைப் பதிந்து சில நிமிடங்களில் கணினியைப் பெற்றுவிடும் பொறியாளருக்கோ அந்தப் பதிவு தேவைப்படவில்லை. பல கணக்குகளின் கட்டணத்தை ஒரே பட்டியலில் காட்டும் வசதி 2010-இன் தொடக்கத்தில் வந்தபோதும், ஒரே கணக்கைப் பல குழுக்கள் பகிர்ந்துகொண்ட இடங்களில் யாருடைய செலவு எது என்னும் கேள்வி அப்படியே நின்றது.

2010 செப்டம்பரில் இசி2 வளங்களுக்குக் குறிச்சொல் வசதி அறிமுகமானது. ஒரு வளத்துக்கு அதிகபட்சம் பத்து என்பது அப்போதைய வரம்பு. டெலிசியஸ் (2003), ஃபிளிக்கர் (2004) போன்ற இணையச் சேவைகள் பரப்பிய கட்டற்ற குறிச்சொல் பண்பாட்டின் காலம் அது. எந்தச் சொல்லை இடுவது, எப்படி எழுதுவது என்பதெல்லாம் பயனரின் விருப்பம். மேகக் கணிமையின் குறிச்சொல்லும் அதே சுதந்திரத்தோடு பிறந்தது. பெயர்களும் மதிப்புகளும் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கணக்கில் கொண்டதால், பெரிய எழுத்தில் தொடங்கும் ‘புரொடக்‌ஷன்’, சிறிய எழுத்தில் தொடங்கும் அதே சொல், அதன் சுருக்கம் ஆகிய மூன்றும் இயந்திரத்தின் பார்வையில் மூன்று வேறு சூழல்களாயின. புகைப்படத் தொகுப்பில் இதனால் கேடில்லை. 2012-இல் குறிச்சொல்வாரியாகக் கட்டணத்தைப் பிரித்துக் காட்டும் அறிக்கையை அமேசான் வெளியிட்டதும் நிலைமை மாறியது. விருப்பம்போல் இடப்பட்ட சொல் கணக்கேட்டுப் பதிவாகிவிட்டது. ஒரு குறிச்சொல்லைக் கட்டணக் கணக்குக்கென இயக்கிவைத்த நாளுக்கு முந்தைய செலவுகள் அதில் சேர்க்கப்படாததால், இன்று விட்டுவிட்டதை நாளை சரிசெய்துகொள்ளலாம் என்ற வழியும் இருக்கவில்லை. முந்தைய மாதங்களுக்கும் கணக்கை நீட்டும் வசதி 2024-இல்தான் வந்தது. அதுவும் அக்காலத்தில் வளத்தின்மேல் குறிச்சொல் இருந்திருந்தால் மட்டுமே பயன்படும்.

2013 ஜூலையில், தனித்தனி இசி2 வளங்களுக்கு அனுமதியை வரையறுக்கும் வசதி வந்தபோது குறிச்சொல் மூன்றாவது பணியையும் ஏற்றது. ஒரு குறிப்பிட்ட குறிச்சொல் உள்ள கணினிகளை மட்டுமே இந்தக் குழு நிறுத்தலாம் அல்லது அழிக்கலாம் என எழுத முடிந்தது. இதன் பின்விளைவு அப்போது போதிய கவனம் பெறவில்லை எனலாம்: குறிச்சொல்லை வைத்து அதிகாரம் தீர்மானிக்கப்படுமானால், குறிச்சொல்லை மாற்றும் உரிமை உடையவர் தம் அதிகாரத்தைத் தாமே விரிவாக்கிக்கொள்ள முடியும். பின்னாளைய கட்டாயக் கொள்கைகளில், குறிச்சொல் இடுவதற்கான விதிக்கு இணையாக அதை நீக்குவதற்கும் திருத்துவதற்குமான தடையும் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

இத்தனை பொறுப்புகள் சேர்ந்த பின்னரும் கட்டாயப்படுத்த வழியில்லை. கணினியை உருவாக்கும் கோரிக்கை முதலில் அனுப்பப்படும்; அதற்கு விடையாகக் கணினியின் அடையாள எண் கிடைக்கும்; அந்த எண்ணைச் சுட்டி, குறிச்சொல் இடும் இரண்டாவது கோரிக்கை அனுப்பப்படும். முதல் கோரிக்கையைப் பரிசீலிக்கும் கொள்கைக்கு இரண்டாவது வருமா வராதா என்பதை அறிய வழியில்லாததால், மறுப்பதற்கு எந்த அடிப்படையும் அதனிடம் இல்லை. எனவே இடைப்பட்ட ஆண்டுகள், வளம் பிறந்த பின் அதைத் தேடிப் பிடிக்கும் காலமாக அமைந்தன. நெட்ஃபிளிக்ஸ் தன் பயன்பாட்டுக்கு உருவாக்கி 2013-இல் திறமூலமாக வெளியிட்ட ‘ஜானிட்டர் மங்கி’, பயனின்றிக் கிடக்கும் வளங்களைக் கண்டறிந்து, பொறுப்பாளருக்குத் தெரிவித்து, கெடு முடிந்தபின் அழித்தது. கேபிட்டல் ஒன் வங்கியில் உருவாகி 2016-இல் திறமூலமான ‘கிளவுட் கஸ்டோடியன்’, குறிச்சொல் இல்லாத வளத்தை அடையாளமிட்டு வைத்து, சில நாள் கழித்து நிறுத்தி, பிறகும் திருத்தப்படாவிட்டால் அழிக்கும் படிநிலைகளைச் சிறு விதிகளாக எழுத வழிசெய்தது. இத்தேடலில் ஓர் அடிப்படை முரண் இருந்தது: பொறுப்பாளர் பெயரே குறிச்சொல்லில்தான் இருக்க வேண்டும் என்னும்போது, குறிச்சொல் இல்லாத வளத்தைப் பற்றிய எச்சரிக்கையை யாருக்கு அனுப்புவது? உருவாக்கிய நிகழ்வின் பதிவேட்டைத் துழாவி ஆளைக் கண்டுபிடிக்கும் துணைநிரல்கள் அந்த முரணிலிருந்து பிறந்தவையே.

திருப்பம் 2017-இல் நேர்ந்தது. மார்ச் 28 அன்று, இசி2 கணினியையும் அதன் வட்டுகளையும் உருவாக்கும் கோரிக்கைக்குள்ளேயே குறிச்சொற்களையும் சேர்த்து அனுப்பும் வசதியை அமேசான் அறிவித்தது; கோரிக்கையோடு வரும் குறிச்சொல்லைக் கொள்கை சோதிப்பதற்கான நிபந்தனைகளும் உடன் வந்தன. பெருங்கணினியின் அட்டைக் கட்டில் இயல்பாக அமைந்திருந்த ஒருமை இவ்வாறு மீண்டும் கிடைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, பல கணக்குகளை ஒரே மரமாகத் தொகுத்து மேலிருந்து ஆளும் ‘ஆர்கனைசேஷன்ஸ்’ சேவை பொதுப் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. அதன் கருவியான சேவைக் கட்டுப்பாட்டுக் கொள்கை யாருக்கும் புதிதாக அனுமதி வழங்குவதில்லை. ஒரு கணக்கின் நிர்வாகிக்குக்கூட மீற முடியாத எல்லையை மட்டும் வரைகிறது. ஆனால் இரு வசதிகளும் அப்போது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மேலிருந்து விதிக்கும் கொள்கையில் செயல்களின் பெயர்களை அனுமதிக்கவோ தடுக்கவோ முடிந்ததேயன்றி, நிபந்தனை எழுத இடமில்லை. நிபந்தனை எழுதக்கூடிய கொள்கையோ அந்தந்தக் கணக்குக்குள் இருந்ததால், அக்கணக்கின் நிர்வாகி அதை நீக்கிவிட முடிந்தது. 2019 மார்ச்சில் சேவைக் கட்டுப்பாட்டுக் கொள்கையின் தடை வாசகங்களில் குறிப்பிட்ட வளங்களையும் நிபந்தனைகளையும் எழுத அனுமதி வந்த பிறகே இரு இழைகளும் இணைந்தன.

இக்கொள்கையின் கரு எளியது: கோரிக்கையில் இன்ன குறிச்சொல் இல்லையெனில் உருவாக்கத்தை மறு. எழுதும் முறையில்தான் சிக்கல்கள் உள்ளன. மூன்று குறிச்சொற்களைக் கட்டாயமாக்க விரும்பும் ஒருவர் மூன்றையும் ஒரே தடை வாசகத்தின் நிபந்தனையில் அடுக்கினால், நிபந்தனைகள் அனைத்தும் ஒருசேர நிறைவேறினால்தான் தடை செயல்படும் என்பதால், மூன்றும் இல்லாத கோரிக்கை மட்டுமே மறுக்கப்படும். ஒன்றை மட்டும் இட்டு வருபவர் தடையின்றிக் கடந்துவிடுவார். குறிச்சொல் ஒன்றுக்கு ஒரு வாசகம் என எழுதுவதே சரியான முறை. ஆனால் ஒரு கொள்கை ஆவணத்தின் அளவு நெடுங்காலம் 5,120 எழுத்துகள் என வரையறுக்கப்பட்டிருந்ததால், வாசகங்கள் பெருகப் பெருக இடம் போதாமற்போனது. இன்னொரு சிக்கல் வளங்களின் வரையறையில் எழுகிறது. ஒரு கணினியை உருவாக்கும் கோரிக்கை கணினியை மட்டுமன்றி, அது சேரும் துணைவலையமைப்பையும் அது எடுத்துக்கொள்ளும் வட்டுப் படிமத்தையும் தொடுகிறது; அவை ஏற்கெனவே உள்ளவை, கோரிக்கையில் அவற்றுக்குக் குறிச்சொல் வராது. எனவே தடையை எல்லா வளங்களுக்கும் எனப் பொதுவாக எழுதிவிட்டால், குறிச்சொல்லை முறையாக இட்டவரின் கோரிக்கையும் மறுக்கப்படும். இவற்றோடு, நிறுவன மரத்தின் தலைமைக் கணக்கை இக்கொள்கை கட்டுப்படுத்தாது என்பதும், உருவாக்கும்போதே குறிச்சொல் ஏற்கும் வசதி எல்லாச் சேவைகளிலும் ஒரே காலத்தில் வரவில்லை என்பதும் சேர்ந்துகொள்கின்றன.

2019 நவம்பரில் வந்த ‘டேக் பாலிசி’ இவ்விடைவெளிகளை நிரப்பும் எனப் பலர் எதிர்பார்த்தனர். அது பெயரின் எழுத்து வடிவத்தையும் ஏற்கத்தக்க மதிப்புகளையும் வரையறுத்தது. ஆனால் குறிச்சொல்லே இல்லாத வளத்தைத் தடுக்கவில்லை. குறிச்சொல் இருக்க வேண்டும் என்பதை ஒரு கொள்கையும், இருப்பது ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதை இன்னொரு கொள்கையும் காக்கும் இரட்டை ஏற்பாடு இவ்வாறு அமைந்தது. மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் வேறு வழியில் சென்றது: அதன் கொள்கைச் சேவையில் மறுப்பதோடு திருத்துவதற்கும் வழியிருப்பதால், வளம் தான் சேர்ந்திருக்கும் தொகுதியின் குறிச்சொல்லைத் தானாகவே பெறும்படி செய்யலாம். பொறியாளரின் வேலையை மறிக்காத இம்முறை நடைமுறையில் இதமானதே. எனினும் தொகுதியின் குறிச்சொல் தவறாயின் அத்தவறும் அதிலுள்ள வளங்களுக்கெல்லாம் பரவும்.

எந்த வாசலாலும் குறிச்சொல்லின் இருப்பைச் சோதிக்க முடியுமே தவிர, அதன் உண்மையைச் சோதிக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட செலவு மையங்களின் பட்டியலிலிருந்து ஏதேனும் ஓர் எண்ணை இட்டு நகர்ந்துவிடுபவரை அது அறியாது. டெர்ராஃபார்ம் போன்ற கருவிகளின் வழியே கட்டமைப்பை நிரலாக எழுதும் பழக்கம் பரவி, பொதுவான குறிச்சொற்களை ஓரிடத்தில் எழுதினால் எல்லா வளங்களுக்கும் சேரும் வசதியும் 2021-இல் அதில் வந்தபின், விடுபடும் குறிச்சொற்கள் குறைந்தன. பழைய நிரலைப் படியெடுக்கும்போது பழைய குழுவின் பெயரும் கூடவே வந்துவிடும் பிழை அதன் இடத்தைப் பிடித்தது. குழுக்கள் கலைந்து சேர்வதும் செலவு மையங்கள் மாறுவதும் வளம் பிறந்த பின்னரே நிகழ்பவை. அவற்றின் முன் உருவாக்க நேரத் தடைக்கு வேலையே இல்லை. ஆகவே தேடிப் பிடிக்கும் கருவிகள் வழக்கொழியவில்லை. சேவைக் கட்டுப்பாட்டுக் கொள்கையில் நிபந்தனைக்கு இடம் கிடைத்த மறு ஆண்டே, 2020-இல், கிளவுட் கஸ்டோடியன் ‘கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன்’ அமைப்பின் திட்டங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.