செம்மநத்தத்திலிருந்து தகடூருக்கு

ஸ்டவ், அரிசி, பாய், தலையணை என்று சகலத்தையும் வேனிலேயே ஏற்றிக்கொண்டு சேர்வராயன் மலையில் இரண்டு நாள் சுற்றினோம், நம் செட் நண்பர்கள் ஒன்பது பேர். மூன்றாம் நாள் காலை, செம்மநத்தத்தில் காபித் தோட்டத்து ஓரமாக டீ போட்டுக் குடிக்கும்போது அமெரிக்காவிலிருந்து வந்திருந்த நண்பர் ஒரு கதை சொன்னார்.

அங்கே வீடு மாதிரியே வண்டி கிடைக்குமாம். அதில் குடும்பத்தோடு பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்களின் ஊர்கள் வழியாகப் போயிருக்கிறார். குதிரை வண்டியில் போகிறவர்கள். மதக் கொள்கையாகவே ஆயுதம் எடுக்காதவர்கள். அதே மாநிலத்தில்தான் கெட்டிஸ்பர்க் போர்க்களம். 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்த சண்டையில் மாண்டவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் சுமார் 50,000 பேர். இன்று திரும்பிய பக்கமெல்லாம் நினைவுக்கல்.

"நம்ம பக்கம் அப்படி ஒரு களம் இருக்காப்பா?" என்றார்.

இருக்கிறதே! வேனைக் கிளப்பினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சேலம், ஓமலூர், தொப்பூர் கணவாய் தாண்டினால் தருமபுரிக்கு முன்னால் அதியமான்கோட்டை. தருமபுரிதான் சங்ககாலத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர்.

சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை, கொல்லிமலைப் பக்கத்தில் அதியமானையும் அவனுக்குத் துணைவந்த இரு பெருவேந்தர்களையும் வென்று, பிறகு தகடூரை அழித்தான் என்கிறது பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம். இந்தப் போரைப் பற்றியே 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்தது. அது முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே மிஞ்சின.

சாலையோரத்தில் அதியமானுக்கும் ஔவைக்கும் அரசு எழுப்பிய கோட்டம் இருக்கிறது. ஆனால் 'இங்கேதான் சண்டை நடந்தது' என்று கைகாட்ட ஒரு கல் கிடையாது. நண்பருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "அப்போ எதைப் பார்க்கிறது?" என்றார்.

நான் அவருக்கு ஜம்பைக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கண்டெடுத்த தமிழ்பிராமி எழுத்து அது. 'சதியபுதோ' என்ற பட்டத்தோடு அஞ்சியின் பெயர் அதில் இருக்கிறது. அசோகர் தம் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொன்ன சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல காலம் வாதாடியதற்கு விடை கிடைத்தது. அந்தக் கல் சொல்வது எந்த வெற்றியையும் அல்ல. துறவிகள் தங்க அவன் ஒரு குகையைக் கொடுத்தான், அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். வென்றவனுக்குக் கிடைத்தது 'தகடூர் எறிந்த' என்ற அடைமொழி. தோற்றவனுக்கோ ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி. அது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய பளபளக்கும் ஆயுதங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்து, போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் வேல்களைச் சொன்ன சாமர்த்தியம் புறநானூற்றின் 95ஆம் பாட்டு.

மாணவச் செல்வங்களே, அந்தச் சாலையில் பஸ்ஸில் எத்தனை முறை தூங்கிக்கொண்டே போயிருப்பீர்கள்! அடுத்த முறை தொப்பூர் வந்ததும் கண் விழியுங்கள். களம் கண்ணில் படாது. ஆனாலும் கொடுத்தவன் பெயர் அந்த மண்ணில் இருக்கிறது.